பார்வதியை யார் விசாரித்தார்கள்?

எங்கள் பக்கத்தில் ஒருவன் நாலு நாள் சவரம் செய்யாமல் வந்தால் போதும், “இன்னாடா, தேவதாஸ் ஆயிட்டியா?” என்று கேட்டுவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த ஆறு வருடமும் கம்பெனி பஸ்ஸில் இந்தக் கேள்வி காதில் விழாத வாரமே இல்லை. கேட்பவர்களில் பலர் படத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு வங்க நாவல் இருப்பதும் தெரிந்திருக்காது. ஒரு கதாபாத்திரத்தின் பெயர் பொதுப்பெயராகிவிட்டால் அப்புறம் கதை தேவைப்படுவதில்லை. தாடி, சால்வை, பாட்டில், கூட ஒரு நாய். இவ்வளவு போதும்.

“இன்னாடி, பார்வதி ஆயிட்டியா?” என்று எந்தப் பெண்ணையும் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் செக்கிங் டேபிளில் எட்டுப் பேர். மனசில் ஒருவனை வைத்துக்கொண்டு வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டியவர்கள் அதில் மூன்று பேர். அவர்கள் தாடி வளர்க்க முடியாது, குடிக்கவும் முடியாது. தாலி கட்டிய பதினைந்தாம் நாள் முதல் ஷிஃப்டுக்கு வந்து, தலையில் தொப்பி மாட்டி, கையுறை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு மொழியில் ஒரு பெயர்கூட இல்லை. “அவளுக்கென்ன, கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா” என்பதோடு ஊர் முடித்துக்கொண்டது.

தேவதாஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அந்த நாவல் பிடிக்கும். 1953-இல் வந்த படம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். பெண்ணியம் படிக்க ஆரம்பித்த பிறகு இதைச் சொல்லவே கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. ஒரு வாசிப்புக் கூட்டத்தில் “உனக்குப் பிடித்த காதல் கதை எது?” என்று கேட்டபோது வேறு ஏதோ பேரைச் சொல்லித் தப்பித்தேன். ஒரு பெண்ணை நெற்றியில் அடிக்கிறவனைக் கதாநாயகனாகக் கொண்ட கதை எப்படிப் பிடிக்கலாம் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு என் அம்மம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

*

எங்கள் வீடு ஆரம்பாக்கம் பக்கம். சென்னையிலிருந்து சூளூர்பேட்டை போகும் மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி, ஏளாவூர் தாண்டி வரும் கடைசித் தமிழ்நாட்டு நிறுத்தம். அடுத்த நிறுத்தம் தடா, அது ஆந்திரம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு கிழித்தவர்களுக்குத் தெரிந்த மொழிக் கணக்கு எங்கள் சமையலறைக்குத் தெரியாது.

மாநிலம் பிரிந்த அதே 1953-இல்தான் வேதாந்தம் ராகவய்யா இயக்கிய தேவதாஸ் இரண்டு மொழிகளிலும் வந்தது. தேவதாஸாக நாகேஸ்வரராவ், பார்வதியாக சாவித்திரி, சந்திரமுகியாகத் திருவாங்கூர் சகோதரிகளில் ஒருவரான லலிதா. இசை சி.ஆர்.சுப்பராமன். படம் வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். அம்மம்மாவுக்கு அப்போது பதினாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் டென்ட் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து தெலுங்குப் படத்தைப் பார்த்தாளாம். பிறகு தமிழிலும் பார்த்தாளாம். “எதில் நல்லா இருந்துச்சு?” என்று கேட்டால், “அழுகைக்கு என்னடி பாஷை” என்பாள்.

நான் அவளோடு சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தது தொலைக்காட்சியில், பள்ளியில் படிக்கும்போது. கடைசிக் காட்சி முடிந்து வீட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அம்மம்மா மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “ராத்திரி பூரா ஒருத்தன் வாசல்ல செத்துக் கிடந்திருக்கான். இவ ஓடியிருக்கா, ஊரே பார்த்திருக்கு. நாளைக்கு அந்த வூட்டுல இவ எப்படி மூஞ்சி காட்டுவா? யார் இவளைச் சாப்பிடச் சொல்லுவா?”

படம் முடிந்துவிட்டது என்றேன். “உனக்கு முடிஞ்சுது” என்றாள்.

*

நாவலை நான் படித்தது சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. திருவள்ளூர் நூலகத்தில் எடுத்த தமிழ் மொழிபெயர்ப்பு, பழுப்பேறிய பக்கங்கள். இரண்டாவது ஷிஃப்ட் வாரங்களில் காலை நேரம் கிடைக்கும். மூன்று காலையில் முடித்தேன். சின்ன நாவல்தான்.

சரத்சந்திரர் 1876-இல் பிறந்தவர். இதை எழுதியபோது அவருக்கு இருபத்து நாலு வயது இருக்கலாம். விக்டோரியா ராணி இறந்து எட்வர்டு மன்னர் வந்த அந்த ஓரிரு ஆண்டுகளில் எழுதியது. அச்சுக்கு வந்தது 1917-இல். இடையில் அதை வெளியிட அவரே தயங்கினார். தன் இளவயதுப் படைப்பைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. அந்தத் தயக்கத்தை மீறி வந்த புத்தகத்தை இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டது. 1928-இல் மௌனப்படம். 1935-இல் பி.சி.பருவாவின் வங்கப் படம். அடுத்த ஆண்டு சைகல் நடித்த இந்திப் படம். 1937-லேயே தமிழில் ஒன்று. பிறகு நமக்குத் தெரிந்த 1953 படம்.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நாவலில் முதல் பாதி பார்வதியுடையது. தேவதாஸ் அங்கே ஒரு முரட்டுப் பையன், அவ்வளவுதான். யோசிக்கிறவள், கணக்குப் போடுகிறவள், முடிவெடுக்கிறவள் அவள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் மூன்று ரூபாய். தேவதாஸ் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த மூன்று ரூபாயைச் சிறுமி பார்வதி, பாட்டுப் பாடிவந்த மூன்று வைணவப் பெண்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். அவன் வந்து கேட்கிறான். நானாக இருந்தால் இரண்டு ரூபாய்தான் கொடுத்திருப்பேன் என்கிறான். மூன்று பேர் இரண்டு ரூபாயை எப்படிப் பங்குபோட்டுக்கொள்வார்கள், நமக்குத் தெரிந்த கணக்கு அவர்களுக்குத் தெரியாதே என்கிறாள் அவள். முதல் முறை படித்தபோது சிரித்தேன். நாங்கள் டேபிளில் எட்டுப் பேர், கேன்டீனில் கொடுத்த ஆறு லட்டை எப்படிப் பிரிப்பது என்று அரைமணி நேரம் யோசித்தது நினைவுக்கு வந்தது. தானம் கொடுக்கும்போதே வாங்குகிறவர்களுக்குள் சண்டை வராதபடி யோசிக்கிற புத்தி அது. நாவல் முழுவதிலும் அப்படிப்பட்ட ஒரு காரியம் தேவதாஸ் செய்வதில்லை.

அடுத்தது, அந்த இரவு. பார்வதிக்குப் பதின்மூன்று வயது. அவள் வீட்டார் கேட்டும் ஜமீன் வீடு சம்பந்தத்தை மறுத்துவிட்டது. காரணம், பார்வதியின் குடும்பம் பெண்ணைக் கொடுத்துப் பணம் வாங்குகிற வழக்கமுள்ள குடும்பம், தங்களைவிட ஒரு படி கீழே. வீடும் பக்கத்து வீடு. இன்றைய வரதட்சணைக் கணக்குக்கு நேர்மாறான கணக்கு. ஆனாலும் தாழ்வு பெண் வீட்டுக்குத்தான். பார்வதி நள்ளிரவில் தனியாக நடந்து, காவல்காரனைத் தாண்டி, அவன் அறைக்குப் போய் அவனை எழுப்புகிறாள். அவன் முதலில் கேட்பது, யாராவது பார்த்தார்களா என்பதுதான். வெட்கமாக இல்லையா, நாளைக்கு எப்படித் தலைகாட்டுவாய் என்பதுதான். அவள் அச்சமெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவன் பின்னர் கல்கத்தாவுக்குப் போய், உன்னை அவ்வளவாக விரும்பியதாக நான் நினைக்கவில்லை என்று கடிதம் எழுதுகிறான்.

எங்கள் ஹாஸ்டலில் இரவு எட்டரைக்கு மேல் கேட் பூட்டு. ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிற நேரம் தவிர வேறு நேரத்தில் ஒரு பெண் தெருவில் நின்றால் அவள் மீது கேள்வி. அந்த நிலையில் இருந்து படித்த எனக்கு, ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் கால்களை நம்பி அந்த இருட்டில் நடந்த பக்கங்கள் எப்படி இருந்திருக்கும்! அவள் கேட்டது கிடைக்கவில்லை என்பது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. போய்க் கேட்டாள், அதுதான் பெரிதாக இருந்தது.

அவன் மனம் மாறித் திரும்பி வருகிறான். அதற்குள் ஹாதிபோதா ஜமீன்தாருக்கு, நாற்பது வயதைத் தொட்ட, மனைவியை இழந்த, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு, அவளை நிச்சயம் செய்துவிட்டார்கள். குளக்கரையில் சந்திக்கிறார்கள். இப்போது நான் உன்னைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று அவன் சொன்னவுடன் அவள் உருகிவிடவில்லை. உனக்கு அப்பா அம்மா இருப்பதுபோல எனக்கும் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதம் வேண்டாமா என்கிறாள். உன்னிடம் அழகு உண்டு, குணம் இல்லை, என்னிடம் இரண்டும் உண்டு என்ற பொருளில் பேசுகிறாள். நீங்கள் பணக்காரர்களாக இருக்கலாம், என் அப்பா பிச்சை எடுக்கவில்லை என்கிறாள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பக்கத்தில் அவன் அவளை அடிக்கிறான்.

*

எப்படி அடிக்கிறான் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கோபத்தில் கை நீட்டிவிட்டான் என்று நாவல் சொல்லவில்லை. முதலில் உவமை வருகிறது. இவ்வளவு கர்வம் ஆகாது, நிலாவின் அழகுக்கே களங்கம் உண்டு, தாமரையில் கருவண்டு உட்காருகிறது, உன் முகத்திலும் ஒரு அடையாளம் போடுகிறேன் என்கிறான். அதன் பிறகு தூண்டில் கழி அவள் நெற்றியில் இறங்குகிறது. ரத்தம் வழிகிறது. அவனே தன் சட்டையைக் கிழித்துக் கட்டுப் போடுகிறான். நம் கடைசிச் சந்திப்பின் ஞாபகமாக இருக்கட்டும் என்கிறான்.

நிலா, தாமரை, வண்டு. நம் காதல் கவிதையின் மொத்தச் சரக்கும் அந்தக் கழியின் முன்னால் நடந்து வருகிறது. அடியை அழகாக்கிய பிறகுதான் அடி விழுகிறது. சரத்சந்திரருக்கு இது தெரியாமல் நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்த இடத்தில் அவர் தன் நாயகனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். படிப்பவர்கள்தான் அதைக் காதல் சின்னமாக மாற்றிக்கொண்டார்கள். 2002-இல் வந்த சஞ்சய் லீலா பன்சாலியின் படத்தில் அடி விழுவது தூண்டில் கழியால் அல்ல, நகையால். ஆயுதமே ஆபரணமாகிவிட்டது.

இதற்கு முன்பே, சிறுவயதில், அவன் அவளைக் கம்பால் விளாசியிருக்கிறான். முதுகில் தடிப்பைப் பார்த்துப் பாட்டி கேட்டபோது பார்வதி பழியை வாத்தியார் மீது போட்டாள். அடித்தவனைக் காப்பாற்றுகிற பொய். அந்தப் பொய் எனக்குப் புதிதல்ல.

என் அத்தைக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. சின்ன வயதில் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். மாமா குடிப்பார். அவர் குடிப்பதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. முதலில் ஒரு பெண்ணை விரும்பினாராம், ஜாதி சரியில்லை என்று வீட்டில் விடவில்லையாம். “பாவம், உள்ளுக்குள்ள தேவதாஸு” என்பார்கள். இப்படி ஒரு பெயர் கிடைத்த பிறகு அவர் குடிக்கு விசாரணை இல்லை. அத்தையின் நெற்றிக்கும் விசாரணை இல்லை. அந்தப் பழைய காதலியை நினைத்து அவர் குடித்தார். அடி வாங்கியது அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருத்தி. நாவலிலாவது அடித்தவனும் விரும்பியவனும் ஒரே ஆள். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை.

பிற்பாடு சந்திக்கும்போது பார்வதி அந்தத் தழும்பைத் தன் ஆறுதல் என்கிறாள், அவமானம் அல்ல, பெருமை என்கிறாள். இந்த இடத்தில் என்னால் அவளோடு போக முடியவில்லை. போக முடியாததையும் சொல்லத்தான் வேண்டும். 2012 நவம்பரில் காரைக்காலில் ஒரு பொறியாளர் பெண் மீது, மறுத்ததற்காக, ஒருவன் அமிலம் வீசினான். மூன்று மாதம் போராடி 2013 பிப்ரவரியில் அவள் இறந்தாள். அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் டேபிளில் யாரும் அதிகம் பேசவில்லை. மறுக்கிற பெண்ணின் முகத்தில் ஒரு அடையாளம் போட வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடம் பயணம் செய்து வந்திருக்கிறது. அது தேவதாஸிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாவலுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் அந்த எண்ணத்துக்கு நிலாவும் தாமரையும் கொடுத்த புத்தகங்களில் இதுவும் ஒன்று.

*

அப்படியானால் எதற்காக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?

கடைசிப் பத்தியால்தான். முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவே இல்லை. தேவதாஸ் பாண்டுவா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் வந்து, பார்வதி வீட்டு வாசல் மரத்தடியில் சாகிறான். யாரென்று தெரியாமல் பிணம் கிடக்கிறது. அவன்தான் என்று தெரிந்து அவள் ஓடுகிறாள், தடுக்கிறார்கள், மயங்கி விழுகிறாள். இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பின் இருந்த சில வரிகளை மேலோட்டமாகத் தாண்டிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துப் படித்தபோதுதான் நின்றேன். அங்கே கதாசிரியர் நேரடியாக நம்மிடம் பேசுகிறார். இத்தனை நாளில் பார்வதி என்ன ஆனாள், எப்படி இருக்கிறாள் என்று தனக்குத் தெரியாது என்கிறார். விசாரிக்கவும் தோன்றவில்லை என்கிறார். தேவதாஸுக்காகத்தான் மனம் வருந்துகிறது, நீங்களும் அவனைப் போன்றவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார்.

மொழிபெயர்ப்பில் வந்த கோளாறோ என்று சந்தேகம். எங்கள் பேக்கிங் பிரிவில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு பெண் வேலை பார்த்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அரைகுறை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். போனில் வங்க மூலத்தைத் தேடி எடுத்து, வாய்க்குள் படித்துவிட்டு, “ஆமா அக்கா, அப்டிதான். பாரு பத்தி கேக்க இஷ்டம் இல்ல, அப்டி சொல்றாரு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “ஏன் இஷ்டம் இல்ல?” என்று என்னைக் கேட்டாள். இருவரும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தோம். மணி அடித்துவிட்டது.

ஏன் இஷ்டமில்லை? இரண்டு விதமாக இதைப் படிக்கலாம். ஒன்று, அவர் துக்கம் ஆணோடு முடிந்துவிடுகிறது, பெண்ணின் மீதி வாழ்க்கை கதையாகாது என்று நினைக்கிறார். இன்னொன்று, விசாரிக்கப் பயப்படுகிறார். விசாரித்தால் தேவதாஸுக்காக அழச் சொல்ல முடியாமல் போகும். பார்வதி அதுவரை என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அவரே நமக்குச் சொல்லியிருக்கிறார். தன்னைவிட மூத்த மாற்றாள் மகளின் கோபத்தைத் தன் நகைகளையெல்லாம் கொடுத்துத் தணித்திருக்கிறாள். பிள்ளைகள் அம்மா என்று கூப்பிடும்படி நடந்திருக்கிறாள். வாசலுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இத்தனையும் ஒரே ஓட்டத்தில் ஒரு ராத்திரியில் கேள்விக்குள்ளாகிவிட்டது. மறுநாள் காலை அவள் அந்த வீட்டில் எழுந்திருக்க வேண்டும். செத்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிட்டத்தட்ட இதே காலத்தில் இங்கிலாந்தில் இ.எம்.ஃபார்ஸ்டர் ஒரு காதல் நாவல் எழுதினார். 1908-இல் வந்த ‘எ ரூம் வித் எ வ்யூ’. பல வருடம் தில்லியில் வாழ்ந்த ரூத் ப்ராவர் ஜாப்வாலாவின் திரைக்கதையில், பம்பாய்க்காரரான இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்து, 1985-இல் அது படமானது. அதிலும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண், ஊர் மெச்சும் மாப்பிள்ளை, அந்தஸ்து குறைந்த ஒரு காதலன். அங்கே லூசி தனக்கு நிச்சயித்தவனை வேண்டாமென்று சொல்கிறாள், விரும்பியவனைக் கைப்பிடிக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நாவல் வந்து ஐம்பது வருடம் கழித்து, 1958-இல், ஃபார்ஸ்டர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தன் பாத்திரங்கள் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரிக்கிற கட்டுரை. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, லூசி பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள், கணவன் அவளுக்கு முழுக்க விசுவாசமாக இருக்கவில்லை என்றெல்லாம் அதில் வருகிறது. இன்பமாக முடிந்த கதையைத்தான் அவர் கலைத்தார். ஆனாலும் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. சரத்சந்திரர் மற்ற நாவல்களில் பெண்களின் துயரத்தை அவ்வளவு விசாரித்தவர். இந்த ஒரு பெண்ணிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் விட்ட வேலையை என் அம்மம்மா செய்தாள். “யார் இவளைச் சாப்பிடச் சொல்லுவா?” என்பது நாவலின் கடைசிப் பத்திக்கு அவள் சொன்ன மறுப்பு. அவள் நாவலைப் படித்ததில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

*

1953 படம் அம்மம்மாவை அப்படிக் கேட்க வைத்ததில் சாவித்திரிக்குப் பெரும் பங்கு. அப்போது அவர் இருபதைத் தொடாத பெண். திரைக்கதை தேவதாஸின் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாட்டுகள் அவன் பக்கம், குடி அவன் பக்கம். சென்னை மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு இருந்த காலம் அது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டம் தடுத்த ஒன்றைத் திரையில் காவியமாகப் பார்த்தார்கள். ஊர் திரும்பியவனைச் சீண்டுகிற பாட்டில் ஜிக்கியின் குரலுக்குச் சாவித்திரி கொடுக்கிற குறும்பைப் பாருங்கள். பிறகு ஜமீன் வீட்டில் அந்தக் குறும்பு எங்கே போனது என்று தேடிப் பாருங்கள். வசனம் சொல்லாததை அந்த முகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. படம் அவளை மறந்த இடங்களிலும் அவர் மறக்கவில்லை.

இந்தப் படத்தை இப்போது பார்க்கும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. பின்னாளில் சாவித்திரியே குடித்தார். குழந்தைகளை மையமாக வைத்த ‘சின்னாரி பாப்பலு’ படத்தை 1968-இல் தெலுங்கில் இயக்கி, அதைத் தமிழில் ‘குழந்தை உள்ள’மாக எடுத்த இயக்குநர் அவர். அந்தப் பெயரால் அவரை யாரும் நினைப்பதில்லை. பல மாதம் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26-இல் இறந்தார். தேவதாஸ் குடித்தால் அது காதல், காவியம், தத்துவம். தேவதாஸின் பார்வதியாக நடித்தவர் குடித்தால் அது வீழ்ச்சி, பெண்களுக்கு எச்சரிக்கை. ஒரே பாட்டில்தான். எங்கள் பக்கம் ஷிஃப்ட் முடிந்து டாஸ்மாக் வாசலில் நிற்கிற ஆண்களுக்கு இன்று ‘சூப் பாய்ஸ்’ என்று செல்லப்பெயரே இருக்கிறது. ‘சூப் கேர்ல்ஸ்’ யாரும் இல்லை.

சந்திரமுகிக்கும் இதே கதிதான். தொழிலை விட்டுக் கிராமத்தில் குடியேறி, அவனைத் தேடிக் கால்நடையாய் அலைந்து, தெருவில் விழுந்து கிடந்தவனைத் தூக்கிப் போனவள் அவள். கதையின் பாதி பாரத்தை அவள் சுமக்கிறாள். 1955-இல் பிமல் ராய் எடுத்த இந்திப் படத்தில் சந்திரமுகியாக நடித்தவர் நம் திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா. அதற்குச் சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்ஃபேர் விருது கொடுத்தபோது, என் வேடம் துணை வேடம் அல்ல, நாயகிக்குச் சமமான வேடம் என்று வாங்க மறுத்தார். இந்தக் கதையைப் பற்றி நான் அறிந்த சிறந்த விமர்சனங்களில் அந்த மறுப்பும் ஒன்று. 1974-இல் விஜயநிர்மலா தெலுங்கில் தேவதாஸை மறுபடி எடுத்தார். இயக்கியதும் அவர்தான், பார்வதியாக நடித்ததும் அவர்தான். படம் ஓடவில்லை. ஒரு பெண் எடுத்தும் தலைப்பு தேவதாஸ்தான். ‘பார்வதி’ என்று பெயர் வைத்து ஒருவரும் எடுக்கவில்லையே என்று தோன்றும்.

ஆனால் கொட்டகையில், வீட்டுக் கூடத்தில், செக்கிங் டேபிளில், பெண்கள் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தலைப்பு ஒருவனுடையது, கவனம் இன்னொருத்தியுடையது. அழச் சொன்ன இடத்தில் அழுதார்கள். ஆனால் அவன் செத்ததற்காக மட்டும் அழவில்லை. எனக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். எழுதியவர் கைவிட்ட ஒரு பெண்ணை, பார்த்தவர்கள் கைவிடவில்லை. நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

*

மாமா இறந்து ஒன்பது வருடமாகிறது. சாவுக்கு வந்தவர்கள் அவருடைய பழைய காதலைப் பற்றிப் பேசினார்கள். அத்தை அதற்குள் பத்து வருடமாக ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அவளிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வடை தட்டிக்கொண்டிருந்தாள். உலகமே மாயை என்று அந்தக் குடிகாரன் பாடுகிற பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக அவள் அதை முணுமுணுக்கிறாள். எப்படி முடிகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி. அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அத்தை, நெத்தியில அது கிணத்தடியில விழுந்ததா?”

எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இல்ல” என்றாள். “இத்தினி நாளா யாரு கேட்டா?”

“நான் சின்ன வயசுல கேட்டேனே?”

“அப்ப நீ கொழந்த. கொழந்தைக்கு என்ன சொல்றது?”

ஒரு ஈடு வடை எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அதை இங்கே எழுத அவள் சம்மதிக்கவில்லை. எழுதவில்லை. முடித்துவிட்டு மறுபடி அதே பாட்டை எடுத்தாள். என்னால் தாங்க முடியவில்லை. “அந்தப் பாட்டை எப்படி அத்தை பாடுற? மாமா குடிச்சிட்டு வந்து பாடுவாரே.”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பாட்டு என்ன உங்க மாமாவோடதா? அது கண்டசாலாவோடது.”